ஆப்பிரிக்கத் தோட்டத்துக்கு மேனேஜராகப் போகலாமா? அங்கே ஆள் எடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்த் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. இப்போது இங்கே ஒரு செம்பனை (பாமாயில் பனை) தோட்டத்தில் சீனியர் அசிஸ்டன்ட்டாக இருக்கிறார். பன்னாட்டு நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் மேனேஜர் வேலை தருகிறதாம், சம்பளம் இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு. அங்கே ஆள் எடுப்பதில் என்ன சிக்கல் வரும், பாதுகாப்புக்கு என்ன செய்வார்கள், போகலாமா என்று கேட்கிறார். நானும் இந்தோனேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தோட்டம் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இதே ஊரில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிகளும் இதை இரண்டு டிபார்ட்மென்ட்டாகத்தான் வைத்திருக்கின்றன. ஆள் எடுப்பது மனிதவளப் பிரிவின் வேலை, பாதுகாப்பு ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவருடைய வேலை, இருவரும் மாதம் ஒருமுறை மீட்டிங்கில் பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம். தோட்டத்தில் இரண்டும் ஒரே வேலை. யாரை எடுத்தீர்கள், யார் மூலமாக எடுத்தீர்கள், என்ன வாக்குக் கொடுத்து எடுத்தீர்கள் என்பதிலேயே நீங்கள் பங்களாவில் நிம்மதியாகத் தூங்குவீர்களா மாட்டீர்களா என்பது பாதி முடிவாகிவிடும். முள்வேலியும் காவலும் மீதிப் பாதிக்குத்தான்.

இதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை, இங்கே சுங்கை சிப்புட் பக்கத்திலேயே, எல்பில் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கரை அவருடைய ஆபீசிலேயே சுட்டார்கள். அன்றே இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனையும் அவருடைய அசிஸ்டன்ட் இயன் கிறிஸ்டியனையும் கொன்றார்கள். ஓரிரு நாளில் நாடு முழுக்க அவசரகாலம், அது முடிந்தது 1960 ஜூலை 31-இல். அது கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் போர், வெறும் கூலித் தகராறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு துரைமார்களுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள்: பங்களாவைச் சுற்றி முள்கம்பி, மணல்மூட்டை, ஸ்பெஷல் கான்ஸ்டபிள், இரும்புத் தகடு அடித்த கார். இத்தனை இருந்தும் 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போகும் வழியில், காவல் வண்டி கூட வரும்போதே பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் முதல் ஆளுக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்து மேனேஜருக்கு வேலி எவ்வளவு உதவும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் கேட்ட பட்டியலில் சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, கூடவே இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ (தோட்டத்து கிளார்க்) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லாத கோரிக்கை. அதைக்கூடக் கேட்காமல், தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து, ராணுவத்தை இறக்கி, துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்துத்தான் அது அடங்கியது. மேனேஜராகப் போகிற எவரும் இதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பேன். பல பேருக்குக் கிள்ளானில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சரி, ஆள் எடுப்பதற்கு வருவோம். பழைய முறை உங்களுக்குத் தெரியும். கங்காணி சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர், தெரிந்தவர் என்று கூட்டி வருவார். அவர் கூட்டி வந்தவர்கள் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடம்) வந்த நாள் கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு. கூலிக்காரருக்குக் கங்காணியிடம் கடன், துரைக்குக் கங்காணியை விட்டால் பேச வேறு ஆள் இல்லை. துரைக்கு அது வசதிதான், சண்டை சச்சரவெல்லாம் கங்காணியோடு நின்றுவிடும். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதும் கங்காணியோடு நின்றுவிடும். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதும் அந்தக் கதை முடிந்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். முடியவில்லை, ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அவர் பெயர் ஏஜென்ட்.

நீங்களே பார்த்திருப்பீர்கள், உங்கள் தோட்டத்துக்கு வரும் பங்களாதேஷ்காரர் வீட்டை நிலத்தை அடகு வைத்துவிட்டுத்தான் வருகிறார். அந்தக் கடன் தீரும்வரை அவர் வாய் திறக்க மாட்டார், தீர்ந்ததும் ஓடிவிடுவார். இதன் விலை என்ன என்று பெரிய கம்பெனிகளுக்கு 2020-இல் தெரிந்தது. அமெரிக்கச் சுங்கத்துறை ஜூலையில் டாப் கிளவ் கையுறைகளைத் தடுத்தது, செப்டம்பர் 30-இல் எஃப்ஜிவி தோட்டக் கம்பெனியின் செம்பனை எண்ணெயை, டிசம்பர் 30-இல் சைம் டார்பி பிளாண்டேஷனின் எண்ணெயை. காரணம் கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள்: பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, கடனில் மாட்டி வைப்பது, சம்பளத்தைப் பிடிப்பது, இப்படி. சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில்தான் நீங்கியது. இந்தத் தடைகள் வந்த பிறகுதான் கம்பெனிகள், தொழிலாளர் ஏஜென்ட்டிடம் கொடுத்த பணத்தைத் தாங்களே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன. இங்கே மேனேஜராக இருந்தால் இதெல்லாம் கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ் தலைவலி என்று நீங்கள் ஒதுங்கிவிடலாம். அங்கே போனால் நீங்கள்தான் ஹெட் ஆபீஸ். ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரிகிற ஒரே முகம் உங்களுடையது.

மேற்கு ஆப்பிரிக்காவில் சிக்கல் வேறு வகை. இங்கே ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம், அங்கே ஒரு வேலைக்கு இருபது பேர் வாசலில் நிற்பார்கள். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுப்பது அரசாங்கம், வேலை கிடைக்கும், பள்ளிக்கூடம் வரும், ரோடு வரும் என்று ஊருக்குச் சொல்வதும் அரசாங்கம், கொடுக்க வேண்டியது நீங்கள். லைபீரியாவில் 2009-இல் சைம் டார்பி 220,000 ஹெக்டருக்கு 63 வருட ஒப்பந்தம் போட்டது. இரண்டே வருடத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தையும் விவசாயத்தையும் பறித்துவிட்டதாகச் செம்பனைத் தர அமைப்பான ஆர்எஸ்பிஓ-வுக்கு முறையிட்டார்கள். கடைசியில் அந்த நிலத்தில் சிறு பகுதிதான் நடவு ஆனது, 2020-இல் கம்பெனி விற்றுவிட்டு வெளியே வந்தது. அதே நாட்டில் சைனோ மாவட்டத்தில் இன்னொரு செம்பனைக் கம்பெனியின் இடத்தில், 2015 மே மாதம், புத்தாவ் பகுதியில் கலவரம் வெடித்தது. நிலம், வேலை, கொடுத்த வாக்கு, மூன்றும் ஒன்றாகக் கலந்த கோபம் அது. இந்த மாதிரி இடத்தில் ஒரு வேலை நியமனம் என்பது வெறும் நியமனம் இல்லை. எந்த ஊருக்கு எத்தனை வேலை, எந்தக் குடும்பத்துக்கு முதலில் என்பதெல்லாம் அரசியல்.

நீங்கள் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே ஊர்த் தலைவர் ஒரு பட்டியல் அனுப்புவார், மாவட்ட அதிகாரி அவர் மருமகனை அனுப்புவார். மறுத்தால் பகை, எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? சீன அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வேலை போட்டுக்கொடுத்ததற்காக ஜேபி மோர்கன் வங்கி 2016-இல் அமெரிக்க அரசுக்கு ஏறக்குறைய 26 கோடி டாலர் கட்டியது. வேலை கொடுப்பதும் லஞ்சம்தான் என்று சட்டம் பார்க்கிறது. நம் நாட்டு எம்ஏசிசி (ஊழல் தடுப்பு ஆணைய) சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியாவில் பதிவான கம்பெனி வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்துக்கும் பொறுப்பு, நிர்வாகத்தில் இருப்பவர் தன் பங்குக்குத் தான் தடுக்க முயன்றதைக் காட்ட வேண்டும். அதனால் மருமகன் வரட்டும், எல்லாரும் நிற்கிற வரிசையில் நிற்கட்டும், எல்லாரும் எழுதுகிற தேர்வை எழுதட்டும், அந்தக் காகிதத்தை ஃபைலில் வையுங்கள். அதிகாரிக்குக் கோபம் வரும், பரவாயில்லை, காரணம் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை உங்களுக்குத் தெரியாமல் நடப்பது. மண்டோர் (ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்) வேலையை விற்பார். ஒரு மாதச் சம்பளம் கொடு, பேர் போடுகிறேன் என்பார், பெண்களிடம் வேறு மாதிரி கேட்பார். நான் பார்த்த ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம், ஆப்பிரிக்காவும் இல்லை) மேனேஜர் கைசுத்தமான மனிதர், ஆனால் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் வருடக்கணக்கில் வேலையை விற்றுக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காத பையன்கள் ஒருநாள் உரக் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். மேனேஜர் அடுத்த மாதம் இன்னும் பத்துக் காவலாளி போட்டார், அந்தப் பத்துப் பேருடைய வேலையும் விலைக்குத்தான் போனது! இதற்கு மருந்து ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எத்தனை இடம் காலி, எந்த ஊருக்கு எத்தனை, யார் யாருக்குக் கிடைத்தது என்று பேர் பேராக எழுதி ஆபீஸ் வாசலிலும் ஊரிலும் ஒட்ட வேண்டும். தேர்வு நாளில் நீங்கள் நேரில் உட்கார வேண்டும். புகார் சொல்ல மண்டோர் தொடாத ஒரு வழி இருக்க வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு ஒரு பெண்ணிடமே சொல்கிற வழி. ஆட்கள் காகிதம் படிக்க மாட்டார்கள் என்று உங்களிடம் சொல்வார்கள், யாராவது ஒரு பள்ளிப் பிள்ளை படித்துச் சொல்லும்.

சம்பளம். இதில் மட்டும் கைவைக்கவே கூடாது. 2024 ஜனவரி 10-ஆம் தேதி பாப்புவா நியூகினித் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். போலீசாரின் சம்பளத்தில் திடீரென்று பணம் பிடிக்கப்பட்டிருந்தது, கம்ப்யூட்டர் கோளாறு என்றார் பிரதமர். போலீசார் வேலைக்குப் போகவில்லை, சில மணி நேரத்தில் நகரத்தின் கடைகள் கொள்ளை போயின, தீ வைத்தார்கள், லே நகரத்தையும் சேர்த்து இருபது பேருக்கும் மேல் செத்தார்கள். ஒரு நாட்டின் தலைநகரத்துக்கே ஒரு சம்பளச் சீட்டு அதைச் செய்யும் என்றால், காட்டுக்கு நடுவில் இருக்கிற தோட்டத்துக்கு என்ன செய்யும்? பிடித்தம் செய்வதற்கு முன்னால் சொல்லுங்கள், ஏன் பிடிக்கிறீர்கள் என்று ஆட்கள் பேசுகிற மொழியிலேயே சொல்லுங்கள், தாமதம் ஆகும் என்றால் சம்பள நாளுக்கு முந்தின நாளே நேரில் போய்ச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொண்டு போவதை முடிந்தவரை ஒழித்து மொபைல் பணத்துக்கு மாற்றுங்கள். நம் அப்பா காலத்தில் சம்பளப் பணத்தோடு வரும் கிராணியை எஸ்டேட் ரோட்டில் மடக்கிய கதை ஊருக்கு ஒன்று இருக்கும், அது அங்கே இன்னும் கதை ஆகவில்லை.

காவலாளிகளைப் பற்றி. மலேசியாவில் காவலாளி என்றால் நம் நாட்டுக்காரர், இல்லையென்றால் நேபாளி, அதுதான் விதி, அதனால் நமக்கு ஒரு பழக்கம் ஆகிவிட்டது. அங்கே காவலாளி பக்கத்து ஊர்ப் பையன், திருட வருகிறவன் அவனுடைய சித்தப்பா மகனாக இருக்கலாம். பெரும்பாலும் காண்ட்ராக்ட் எடுக்கும் குத்தகைக் கம்பெனி மூலம் வருவான். நீங்கள் கம்பெனிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு அவன் கைக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். கேட் சாவியை வைத்திருப்பவன்தான் பல தோட்டங்களில் ஆகக் குறைந்த சம்பளக்காரன், இதை எந்தப் பாதுகாப்பு அறிக்கையும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. துப்பாக்கி கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். ஒரு செம்பனைக் குலை திருடியவனைச் சுட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்த ஊரில் நீங்கள் நடமாட முடியாது.

அரசாங்க ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையை ஆயுதக்காரர்கள் பிடித்தார்கள், நாலு நாளில் 40 பேர் இறந்தார்கள், பல நாட்டு ஊழியர்கள். பங்குதாரரான நார்வேயின் ஸ்டாட்ஆயில் தானே விசாரணைக் குழு போட்டு அறிக்கை வெளியிட்டது. ராணுவத்தின் வெளிக் காவலை அளவுக்கு மீறி நம்பியிருந்ததும், இவ்வளவு பெரிய தாக்குதலை யாரும் யோசித்துக்கூடப் பார்க்காததும் அதில் வருகிறது. மறுபக்கம், ஆயுதக் குழுவுக்கே காசு கொடுத்து நிம்மதி வாங்கலாம் என்று போன கதையும் இருக்கிறது. வாழைத் தோட்டக் கம்பெனி சிக்கிட்டா கொலம்பியாவில் துணை ராணுவக் குழுவுக்கு 1997 முதல் 2004 வரை ஏறக்குறைய 17 லட்சம் டாலர் கொடுத்தது. 2007-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, 2024-இல் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு 3 கோடியே 83 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி ஃபுளோரிடா ஜூரி தீர்ப்பு. உள்ளூர் மேனேஜர் கையெழுத்துப் போட்ட வவுச்சர் இருபது வருடம் கழித்தும் செத்துப் போவதில்லை.

இன்னொன்று நம் ஆட்கள் அடிக்கடி சொல்வது: "நாம வெள்ளைக்காரன் இல்லையே, நம்மோடு ஒட்டிப் பழகுவார்கள்." 2021 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் பிரியந்த குமார என்ற இலங்கைக்காரரைத் தொழிற்சாலை வாசலிலேயே கும்பல் அடித்துக் கொன்றது. பல வருடம் அங்கேயே இருந்த மேனேஜர். வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்று சுவரில் இருந்த சுவரொட்டியை எடுக்கச் சொன்னார், அதில் மத வாசகம் இருந்தது, அவ்வளவுதான் தொடக்கம். கண்டிப்பான மேனேஜர் என்று ஏற்கெனவே சிலருக்குக் கசப்பு இருந்ததாகவும் செய்திகள் சொன்னன. அதனால் நிறத்தை நம்பிப் போகாதீர்கள், அங்கே நீங்கள் கம்பெனிக்காரர். பேர் போட்டு அழைத்து, நிறுத்தி இரண்டு வார்த்தை பேசி, ஊர்ச் சாவுக்குப் போய் நிற்பதைத்தான் நம்பலாம். உங்களுக்குக் கீழே ஓர் உள்ளூர்ப் பட்டதாரி அசிஸ்டன்ட் இருப்பார், உங்கள் சம்பளத்தில் கால்வாசி வாங்குவார், அவருக்கு அது தெரியும். அவரை உங்கள் இடத்துக்குத் தயார் செய்வதுதான் பல நாடுகளில் உங்கள் வேலை அனுமதியின் நிபந்தனையே. அதை உண்மையாகச் செய்தால் ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதை அவரே உங்களிடம் வந்து சொல்வார்.

கடத்தல், துப்பாக்கி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் வெளிநாட்டில் இருக்கிற மேனேஜரை அன்றாடம் மிரட்டுவது ரோடும் காய்ச்சலும்தான். டிரைவரைத் தேர்ந்தெடுப்பதுதான் நீங்கள் செய்யப்போகிற ஆக முக்கியமான ஆள் எடுப்பு, அதை ஆபீஸ் கிளார்க்கிடம் விடாதீர்கள். இருட்டிய பிறகு பயணம் கிடையாது என்று ஒரு விதி போட்டு, ஹெட் ஆபீஸ் பெரியவர் வந்தாலும் அதை மாற்றாதீர்கள். மலேரியாவுக்கு நமக்கு உடம்பில் எதிர்ப்பே கிடையாது. லீவில் ஊருக்கு வந்து காய்ச்சல் அடித்தால் ஈப்போ ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் டெங்கி என்று நினைத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேற்கு ஆப்பிரிக்க மலேரியா அவ்வளவு நேரம் கொடுக்காது.

இனி இன்டர்வியூவில் என்ன கேட்பது? சம்பளத்தைப் பற்றி அவர்களே பேசுவார்கள், நீங்கள் இதையெல்லாம் கேளுங்கள். தொழிலாளர்களை யார் மூலம் எடுக்கிறார்கள், குத்தகைக்காரர் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார். எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் ஏன் போனார், அவரோடு போனில் பேச முடியுமா. ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம், விமானத்தில் வெளியே தூக்கிக்கொண்டு போக இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஆள் கடத்தப்பட்டால் குடும்பத்தோடு பேசப்போவது யார். (கடத்தலுக்கான இன்சூரன்ஸ் இருந்தாலும் அதை வெளியே சொல்லக்கூடாது என்பதுதான் வழக்கமான நிபந்தனை, அதனால் அதை நேராகச் சொல்ல மறுத்தால் சந்தேகப்பட வேண்டாம்.) பயண ஆபத்துக்கு ஐஎஸ்ஓ 31030 என்று 2021-இல் ஒரு வழிகாட்டி வந்தது, அதைத் தெரியுமா என்று சும்மா கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். நார்வே அகதிகள் கவுன்சில் ஊழியர் ஸ்டீவன் டென்னிஸ் 2012-இல் கென்யாவின் தாதாப் முகாமில் கடத்தப்பட்டு மீட்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2015-இல் ஆஸ்லோ நீதிமன்றம் அமைப்பின் கடும் கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈடு கொடுக்க வைத்தது. அபாயம் இருக்கிற இடத்துக்கு ஆளை அனுப்புவது தப்பில்லை, தெரிந்தும் தயார் செய்யாமல் அனுப்புவதுதான் வழக்கில் நிற்கும். ஆகவே கேட்டதற்கெல்லாம் பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

போகலாமா என்று கேட்டீர்கள். முன்பிருந்த மேனேஜரோடு பேசவிட்டால், தொழிலாளரை நேராக எடுக்கும் கம்பெனி என்றால், போங்கள், வயசு இருக்கிறது, நல்ல அனுபவம். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் மூன்று மடங்கு என்ன, ஐந்து மடங்கு என்றாலும் வேண்டாம். குடும்பத்தை முதல் ஆறு மாதம் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இபிஎஃப்-க்கு அங்கிருந்து கம்பெனி கட்டாது என்றால் நீங்களே மாதாமாதம் போட ஏற்பாடு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று ஆபீசில் கேட்டால் கொடுக்கக் கூடாது, தொழிலாளரிடம் நீங்களும் கேட்கக் கூடாது. ஒப்பந்த நகலைக் கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். முக்கியமாக, பாதுகாப்புக் காரணத்துக்காக நீங்களாகவே வேலையை விட்டு வந்தால் டிக்கெட் செலவு யாருடையது, நோட்டீஸ் பணம் பிடிப்பார்களா என்கிற அந்த இரண்டு வரியை.